குடிநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் மறுபடி குடிப்பாரா என்பதை எதை வைத்து மதிப்பிடுகிறார்கள்?

பொருநை — 8 செப்டம்பர் 2024

என் அண்ணனுக்கு 41 வயது, லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். குடிநோய்க்காக இது இரண்டாவது அட்மிஷன். வரும் வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ் என்று சொல்லியிருக்கிறார்கள். அவருடைய கோப்பில் ‘மறுபடி குடிக்கும் அபாயம்: மிதம்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து அண்ணி விவரம் கேட்டிருக்கிறார், ‘அது எங்கள் பதிவுக்காக’ என்று மட்டும் பதில் வந்திருக்கிறது. போன முறை வெளியே வந்த அன்று மகளின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். ஆடி பிறப்பதற்குள் அது காற்றில் போயிற்று. இந்த முறையும் அதே சத்தியம், அதே அழுகை. அம்மா நம்புகிறார், நான் நம்பவில்லை. வாய்க்கு வந்ததை எழுதிவிட்டு மதிப்பீடு என்று பெயர் வைக்கிறார்கள் என்பது என் கருத்து. அப்படி இல்லையென்றால், எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

ஆலோசகர், தென்மாவட்டம் — 8 செப்டம்பர் 2024, இரவு

வாய்க்கு வந்ததை எழுதுவதில்லை, தங்கை. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரியான கணக்கும் அதற்குப் பின்னால் கிடையாது. குடிநோய்ப் பிரிவு ஒன்றில் நான் நீண்ட காலமாக ஆலோசகராக இருக்கிறேன். அந்தக் கட்டத்தை நிரப்புவது பெரும்பாலும் என்னைப் போன்ற ஒருத்திதான்.

எத்தனை ஆண்டுகளாகக் குடிக்கிறார், இதற்குமுன் எத்தனை முறை சிகிச்சைக்கு வந்தார், நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, மனச்சோர்வோ பதற்றநோயோ கூடவே இருக்கிறதா, புகையிலை, கஞ்சா போன்றவை உண்டா, வேலை இருக்கிறதா, வீட்டில் வேறு யாராவது குடிக்கிறார்களா, மாத்திரை சாப்பிடச் சம்மதித்திருக்கிறாரா என்பவற்றைக் கேட்டு எழுதுகிறோம். இவற்றில் பெரும்பாலானவை நடந்து முடிந்த சங்கதிகள். இப்படிப்பட்ட நூறு பேரில் ஏறக்குறைய எத்தனை பேர் திரும்பக்கூடும் என்பதை அவை ஓரளவுக்குக் காட்டும். உங்கள் அண்ணன் அந்த நூறில் எந்தப் பக்கம் நிற்பார் என்பதைக் காட்டாது. ‘அதிகம்’ என்று எழுதினால் குடும்பம் நொறுங்கிவிடும், ‘குறைவு’ என்று எழுதினால் குடும்பம் கையைக் கழுவிவிடும் என்ற தயக்கத்தில் ‘மிதம்’ என்ற சொல் விழுந்த கோப்புகளும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

என் அபிப்பிராயம் வேறு. மறுபடி குடிக்கும் அபாயத்தை ரத்த வகையைப் போல ஆளோடு ஒட்டிய ஒன்றாகப் பார்க்கக் கூடாது. அது வரப்போகும் வாரத்தோடு ஒட்டியது. அந்த வாரத்தில் அவர் எப்படித் தூங்கினார், கையில் எவ்வளவு பணம் இருந்தது, யாரோடு சண்டை போட்டார், எந்தத் தெரு வழியாக வீடு திரும்பினார் என்பவற்றைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். டிஸ்சார்ஜ் நாளில் எழுதிய ஒரு சொல் அதன்பின் வரும் ஐம்பத்திரண்டு வாரங்களுக்கும் எப்படிப் பொருந்தும்?

சத்தியத்தைப் பற்றி. அதையும் அழுகையையும் நான் மதிப்பீட்டில் சேர்ப்பதில்லை. கூட்டுவதும் இல்லை, கழிப்பதும் இல்லை. அழுத நேரத்தில் அவர்கள் மனதார அழுகிறார்கள். சத்தியம் செய்தவர்களும் செய்யாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் திரும்பி வருவதைத்தான் என் மேசைக்கு எதிரில் பார்த்திருக்கிறேன். ஆகவே அம்மா நம்புவதற்கும் நீங்கள் நம்பாததற்கும் இருப்பது ஒரே சான்றுதான், அதுவும் சான்றாகத் தேறாது.

ஆலோசகர் — 9 செப்டம்பர் 2024

‘மனஉறுதி இருந்தால் போதும், மற்றதெல்லாம் கதை’ என்று மேலே ஒரு ஐயா எழுதியிருக்கிறார். வியட்நாம் போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையாகியிருந்ததாகத் தாங்களே சொன்னார்கள். 1971-ல் நாடு திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற சமூகவியலாளர் பின்தொடர்ந்து பார்த்தார். அங்கே அடிமையாகியிருந்தவர்களில் ஊர் திரும்பிய முதல் ஆண்டில் சுமார் 5 விழுக்காட்டினரும் மூன்று ஆண்டுகளுக்குள் சுமார் 12 விழுக்காட்டினரும்தான் மறுபடி அடிமையானார்கள். அத்தனை பேருக்கும் விமானத்தில் வரும்போது மனஉறுதி ஏறிவிட்டது என்று சொல்ல முடியாது. போர்க்களம் போயிற்று, மலிவான சரக்கு போயிற்று, சேர்ந்து இழுத்த கூட்டாளிகள் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்து போனார்கள்.

பொருநையின் அண்ணனுக்கு நிலைமை இதற்கு நேர்மாறானது. வார்டுதான் அவருக்கு வேற்று நாடு. அங்கே குடிக்காமல் இருந்தது இயல்பு. வெள்ளிக்கிழமை அவர் போர்க்களத்துக்குத் திரும்புகிறார். அதனால்தான் வார்டில் ஒருவர் எவ்வளவு ஒழுங்காக இருந்தார் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மற்றவர்களுக்குப் பாடம் எடுத்த ‘மாதிரி நோயாளிகள்’ பலரை நான் மறுபடி அட்மிஷன் போட்டிருக்கிறேன்.

ஆலோசகர் — 11 செப்டம்பர் 2024

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் திரும்பக் குடிப்பார்கள் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். எவ்வளவு காலத்துக்குள், ‘திரும்ப’ என்றால் ஒரு குவளையா, பழைய அளவா என்று சேர்த்துச் சொல்லாத எண்ணால் யாருக்கும் பயனில்லை.

2000-ஆம் ஆண்டில் தாமஸ் மெக்லெல்லன் குழுவினர் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரை ஒன்றை எங்கள் துறையில் அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். போதைச் சிகிச்சை முடித்தவர்களில் ஓராண்டுக்குள் திரும்புபவர்கள் சுமார் 40 முதல் 60 விழுக்காடு என்றும், ரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்றவற்றில் நோய் மறுபடி தலைதூக்குவதும் குறைவில்லை, 50 முதல் 70 விழுக்காடு என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொண்டால், எல்லோரையும் பார்த்து ‘இவன் குடிப்பான்’ என்று சொல்லுகிற எதிர்வீட்டுப் பெரியவர் பாதித் தடவை ஜெயித்துவிடுவார். நான் படித்த படிப்பு அவரை முந்த வேண்டுமானால் ‘குடிப்பாரா’ என்ற கேள்வியை விட்டுவிட்டு ‘எப்போது, எங்கே’ என்ற கேள்விக்குப் போக வேண்டும்.

‘எப்போது’ என்பதில் நமக்கு நல்ல வெளிச்சம் உண்டு. ஹெராயின், சிகரெட், மது மூன்றையும் விட்டவர்களைப் பற்றி 1971-ல் வெளியான ஒப்பீட்டில் மூன்று வளைகோடுகளும் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்று படிந்தன: திரும்பியவர்களில் பெரும்பகுதியினர் முதல் மூன்று மாதங்களுக்குள் திரும்பியிருந்தார்கள். இன்னொரு ஆய்வு எட்டு ஆண்டுகள் ஆட்களைப் பின்தொடர்ந்தது. அதில், விலகி ஓராண்டு ஆகாதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் அடுத்த ஆண்டும் நிலைத்தார்கள். ஓராண்டைத் தாண்டியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் நிலைத்தார்கள். ஐந்தாண்டுகளைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 86 விழுக்காட்டினர் நிலைத்தார்கள். ஆகவே தங்கை, உங்கள் கவனம் முழுவதையும் பொங்கலுக்குள் செலவழியுங்கள். அதற்குப் பிறகு மெல்லக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆலோசகர் — 15 செப்டம்பர் 2024

அண்ணன் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார், எதைப் பார்க்க வேண்டும் என்று பொருநை தனிமடலில் கேட்டார். மற்றவர்களுக்கும் ஆகும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் தூக்கம். குடியை விட்டபின் தூக்கம் ஒழுங்குக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். தூக்கம் கெட்டவர்கள் அதிகம் திரும்புகிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்று. இரவு இரண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் பீடி பிடித்துக்கொண்டிருப்பவர் ‘ஒரே ஒரு கட்டிங் போட்டால் தூங்கிவிடலாமே’ என்று நினைப்பது ஒழுக்கக்கேடு அல்ல; அவருடைய உடம்புக்கு இத்தனை ஆண்டுகளாகத் தெரிந்த ஒரே தூக்க மருந்து அதுதான். மூன்று இரவுகள் தொடர்ந்து தூங்கவில்லை என்றால் ரிவ்யூ தேதிவரை காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அடுத்து மதிய மாத்திரை. உங்கள் அண்ணனுக்கு எழுதியிருப்பது குடிக்கும் வேட்கையைக் குறைக்கக் கொடுக்கும் அகாம்ப்ரோசேட் என்றீர்கள். அதைப் பொதுவாக 333 மில்லிகிராம் மாத்திரை இரண்டு வீதம் மூன்று வேளை கொடுப்பார்கள். காலை மாத்திரையை அண்ணி கொடுத்துவிடுவார், இரவு மாத்திரையை அம்மா பார்த்துக்கொள்வார். மதியம் பட்டறையில் நான்கு பேர் நடுவில், கிரீஸ் படிந்த கையால் அட்டையைக் கிழித்து இரண்டு மாத்திரைகளை வாயில் போடும்போது ‘என்னண்ணே, சுகரா?’ என்று யாராவது கேட்பார்கள். முதலில் கைவிடப்படுவது அந்த மதிய வேளைதான். சாப்பாட்டுத் தூக்கின் மேல்தட்டில் வைத்து அனுப்பிய அட்டை மாலையில் அப்படியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சத்தம் போட வேண்டாம். பட்டறையில் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று அவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். ‘ஈரலுக்கு மாத்திரை’ என்று சொன்னால் பொய்யும் ஆகாது, அதற்குமேல் கேள்வியும் வராது என்று எங்களிடம் வந்த ஒருவர் கண்டுபிடித்தார்.

மூன்றாவது பணமும் பாதையும். சம்பளம் வாரக்கூலியா, மாதச் சம்பளமா? கையில் வருகிறதா, கணக்கில் வருகிறதா? பட்டறையிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குள் எத்தனை டாஸ்மாக் கடைகள்? இவற்றை எழுதி வைத்துக்கொள்ளாத மதிப்பீட்டுத்தாளை நான் மதிப்பதில்லை.

முன்னறிகுறிகளைக் கேள்விகளாக்கிய தாள்களும் உண்டு. டெரன்ஸ் கோர்ஸ்கி என்ற போதைச் சிகிச்சை ஆலோசகர் பட்டியலிட்ட அறிகுறிகளை வைத்து வில்லியம் மில்லரும் ராபர்ட் ஹாரிசும் 2000-ல் வெளியிட்ட 28 கேள்வித் தாளை நான் தமிழில் வாய்வழியாகக் கேட்பதுண்டு. குடியைப் பற்றி அதில் அதிகம் இருக்காது. பதற்றம், சோர்வு, எரிச்சல், திட்டமெல்லாம் பாழாகிறது என்ற எண்ணம் என்று போகும். குடிப்பதற்கு முன்னால் வாழ்க்கை ஒழுங்கு ஒவ்வொன்றாகக் கழன்று விழுகிறது என்பதுதான் அதன் அடிப்படை. அதில் வரும் எண்ணைவிடப் போன வாரத்து எண்ணுக்கும் இந்த வாரத்து எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் பார்ப்பேன்.

ஆலோசகர் — 18 செப்டம்பர் 2024

சாம்பாரில் கலந்து கொடுக்கிற ‘குடியை நிறுத்தும் பவுடர்’ பற்றி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கொடுக்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாமல் இருக்கலாம். டைசல்ஃபிராம் இருந்தால் ஆபத்து மிக அதிகம்: மது ஈரலில் உடைந்து உண்டாகும் நச்சு மேற்கொண்டு உடையாதபடி அந்த மருந்து தடுத்துவிடும். தெரியாமல் குடிப்பவருக்கு முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிரே போகலாம். நிறுத்தி இரண்டு வாரம்வரைகூட அதன் விளைவு உடம்பில் இருக்கக்கூடும். விவரம் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிடுகிறவருக்கு அது நல்ல மருந்து. மற்ற வகையில் கொடுப்பதற்கு நான் வேறு பெயர்தான் வைப்பேன்.

ஆலோசகர் — 29 செப்டம்பர் 2024

வரும் புதன்கிழமை காந்தி ஜெயந்தி, கடை கிடையாது, ஆகவே அன்றைக்குக் கவலையில்லை என்று பொருநையின் அம்மா சொன்னாராம். புதன்கிழமையைப் பற்றி எனக்கும் பெரிய கவலையில்லை. செவ்வாய்க்கிழமை மாலையைப் பற்றித்தான் கவலை. மறுநாள் கடை இல்லை என்றால் முதல்நாள் வாங்கி வைப்பார்கள். வாங்கி வைத்தவர்கள் கூட்டாளிகளையும் கூப்பிடுவார்கள். செவ்வாய் அன்று பட்டறை விடுகிற நேரத்தில் மகளை ஏதாவதொரு காரணத்தோடு அப்பாவைப் பார்க்க அனுப்புங்கள். நோட்டு வாங்க வேண்டும் என்று சொன்னால்கூடப் போதும்.

ஆலோசகர் — 6 அக்டோபர் 2024

‘இனிமேல் சத்தியமாகத் தொடமாட்டேன், எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்று சொல்பவரைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்’ என்று வேறொரு இழையில் நான் எழுதியிருந்ததை ஒரு மனநலச் செவிலியர் இங்கே எடுத்துப் போட்டு, தன்னம்பிக்கை உள்ளவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள் என்றுதானே ஆய்வுகள் சொல்கின்றன என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, அங்கே நான் பாதிதான் எழுதியிருந்தேன்.

இரண்டு வகை நம்பிக்கைகள் உண்டு. ‘என்னால் முடியும்’ என்று மொத்தமாகச் சொல்வது ஒன்று. டொராண்டோவில் ஹெலன் ஆனிஸ் உருவாக்கிய கேள்வித்தாள் 39 சூழ்நிலைகளைத் தனித்தனியாகக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு எத்தனை நிச்சயம் என்று கேட்கிறது. இது இரண்டாவது வகை. நான் நம் ஊருக்கு ஏற்றாற்போலக் கேட்பேன்: மச்சான் கல்யாணத்துக்கு முதல்நாள் இரவு மண்டபத்து மாடியில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள், உங்களைக் கூப்பிடுகிறார்கள், எத்தனை நிச்சயம்? முதலாளி எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டார், எத்தனை? தகப்பனார் இறந்து பதினாறாம் நாள் முடிந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது, எத்தனை? எல்லாவற்றுக்கும் ‘நூறு’ என்று சொல்பவர் கேள்வியைக் காதிலேயே வாங்கவில்லை. ‘கல்யாணம் எண்பது, திட்டு வாங்கினால் முப்பது’ என்று யோசித்துச் சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை பிறக்கிறது. அந்த முப்பதை வைத்துக்கொண்டு இருவரும் வேலை செய்யலாம். திட்டு வாங்கிய அடுத்த பத்து நிமிடத்தில் யாருக்குப் போன் செய்வது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யாருக்கு என்றுவரை எழுதிவிடுவோம். குடிக்கும் வேட்கை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். அந்த அரை மணியை ஓட்டுவதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

ஆலோசகர் — 7 அக்டோபர் 2024

மண்டபத்து மாடி என்று எழுதியதற்கு இத்தனை சிரிப்புக் குறிகளா? ஆளுக்கொரு மாடி நினைவுக்கு வந்திருக்கும் போலிருக்கிறது.

ஆலோசகர் — 20 அக்டோபர் 2024

தினமும் மாலை அண்ணன் வாசலில் கால் வைத்ததும் அம்மா தண்ணீர்ச் செம்போடு கிட்டே போய் வாய் நாற்றம் பார்க்கிறார், அண்ணி சட்டைப்பையையும் ஜிபே கணக்கையும் பார்க்கிறார், ‘இப்படிப் பார்ப்பதற்குக் குடித்தே தொலைக்கலாம்’ என்று அண்ணன் கத்தினார் என்று பொருநை எழுதியிருக்கிறார். கண்காணிக்கச் சொன்னதே நான்தானே என்றும் சேர்த்திருக்கிறார்.

நான் பார்க்கச் சொன்னவை தூக்கம், மாத்திரை, பாதை. வேவு பார்ப்பதைச் சொல்லவில்லை. ஆனால் பயத்தோடு இருக்கிற வீட்டில் இரண்டுக்கும் நடுவில் கோடு தங்காது என்பதை நான் முன்பே எழுதியிருக்கலாம். நொட்டை சொல்லும், குத்திக் காட்டும் வாழ்க்கைத்துணை வீட்டில் இருக்கும்போது திரும்பக் குடிப்பது அதிகம் என்று டிமத்தி ஓ’ஃபாரல் குழுவினர் 1998-ல் காட்டினார்கள். உடனே ‘பெண்டாட்டியால்தான் குடித்தேன்’ என்று யாரும் இதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். ஆண்டுக்கணக்கில் அடிபட்டவரின் நாக்கில் தேன் வடியாது. அந்த வீட்டின் காற்றும் மதிப்பீட்டில் சேர வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

அதே ஓ’ஃபாரலின் சிகிச்சைமுறையில் ஒரு சின்னச் சடங்கு உண்டு. நாள்தோறும் ஒரே நேரத்தில் இருவரும் உட்கார வேண்டும். இன்று குடிக்காமல் இருப்பேன் என்று அவர் சொல்லிவிட்டு மாத்திரையை மனைவியின் முன்னால் சாப்பிட வேண்டும். மனைவி நன்றி சொல்ல வேண்டும். பழைய குடியைப் பற்றியோ இனிமேல் குடித்துவிடுவாரோ என்பதைப் பற்றியோ இருவரும் வாய்திறக்கக் கூடாது. நன்றி சொல்வதெல்லாம் நம் வீடுகளில் வராது, சிரிப்புத்தான் வரும். எங்களிடம் வந்த ஒரு குடும்பத்தில் நன்றிக்குப் பதிலாக இருவருக்கும் ஒரே நேரத்தில் காபி என்று வைத்துக்கொண்டார்கள். மாத்திரை போட்டாகிவிட்டதா என்ற கேள்வி அந்தக் காபியோடு முடிந்தது. மீதி நாள் முழுவதும் யாரும் யாரையும் முகரவில்லை.

சான்று வேண்டும் என்றால் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஈரல் பரிசோதனையில் ஜிஜிடி என்றொரு எண் வரும். குடியால் ஏறியிருந்தால், நிறுத்திய சில வாரங்களில் அது இறங்கத் தொடங்கும். வேறு காரணங்களாலும் அது ஏறும் என்பதால் ஒற்றை எண்ணை வைத்து ஆளைக் குற்றவாளி ஆக்கக் கூடாது. ஆனால் இறங்கிக்கொண்டே வரும் மூன்று அறிக்கைகளை வரிசையாக வைத்துக் காட்டினால் அண்ணனுக்கும் சந்தோஷம், அம்மாவின் செம்புக்கும் ஓய்வு.

பொருநை — 4 நவம்பர் 2024

தீபாவளி அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் மாலை பட்டறைக்காரர்களோடு போய் ஒரு குவார்ட்டர் குடித்துவிட்டு வந்தார். அவராகவே சொல்லிவிட்டார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அறையை விட்டு வெளியே வரவில்லை. குடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். எல்லாம் வீணாகப் போயிற்றா, அக்கா? மறுபடியும் அட்மிஷன் போட வேண்டுமா?

ஆலோசகர் — 4 நவம்பர் 2024

ஒன்றும் வீணாகவில்லை. இன்றைக்கே அவரை ரிவ்யூவுக்கு அழைத்துப் போங்கள். காலையில் அண்ணியும் அவரும் வழக்கம்போல மாத்திரைக்கும் காபிக்கும் உட்காரட்டும். இரண்டு மூன்று நாள் விடாமல் குடித்துவிட்டு நிறுத்தியிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்: நிறுத்திய முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆளைக் குழப்பிப் பிதற்ற வைக்கும் நிலை வரலாம், அதற்கு மருத்துவமனைதான் இடம். ஒரு குவார்ட்டரோடு நின்றிருந்தால் அந்தப் பயம் குறைவு. கை நடுக்கம், வியர்வை, இல்லாததைப் பார்ப்பது ஏதேனும் இருந்தால் அவர் சொன்ன அளவை நம்பாமல் உடனே கிளம்புங்கள்.

ஆலோசகர் — 5 நவம்பர் 2024

நேற்று அவசரத்தில் எழுதினேன். நிதானமாக இன்னும் கொஞ்சம்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆலன் மார்லட் இந்தத் துறையில் செய்த பெரிய காரியம் சறுக்கலையும் முழு வீழ்ச்சியையும் பிரித்துப் பார்த்தது. முதல் குவளை ஒரு சம்பவம். ‘அவ்வளவுதான், நான் உருப்படாதவன், இனி என்ன இருக்கிறது’ என்று அதற்குப்பின் ஒருவர் தனக்குள் சொல்லிக்கொள்வதுதான் இரண்டாவது, மூன்றாவது குவளைகளை ஊற்றுகிறது. முழுக்க விட்டுவிட்டேன் என்று கறாராகச் சபதம் எடுத்தவருக்கு இந்தக் குற்றவுணர்வு கூடுதலாக அடிக்கும் என்றும் அவர் சொன்னார். மகள் தலையில் அடித்த சத்தியத்தை நான் மதிப்பீட்டில் சேர்ப்பதில்லை என்று முதல் நாள் எழுதினேன் அல்லவா? சறுக்கிய மறுநாளுக்கு மட்டும் அதைச் சேர்க்க வேண்டும்: இரண்டு நாளாக அறைக்குள் கிடப்பவர் மதுவோடு அந்தச் சத்தியத்தையும் சேர்த்துச் சுமக்கிறார். இன்று இரவு அந்தப் பெண் குழந்தை போய்ச் சாப்பிடக் கூப்பிடட்டும்.

அவராகச் சொன்னார் என்பதைக் கவனித்தீர்களா? போன முறை எத்தனை நாள் மறைத்தார்? என் தாளில் இதற்கு ஒரு கட்டம் இருந்தால் இந்த வாரத்தின் அபாயத்தைக் குறைத்து எழுதியிருப்பேன்.

மார்லட் திரட்டிய விவரங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு சறுக்கல்கள் மூன்று காரணங்களுக்குள் அடங்கின: மனம் கசந்த வேளை, சச்சரவு, கூட்டாளிகளின் அழைப்பு. தீபாவளிக்கு மறுநாளில் இவற்றுள் எது? கறி வாங்கியதில் அம்மாவுக்கும் அண்ணிக்கும் வாக்குவாதம் என்று தனிமடலில் எழுதியிருந்தீர்கள். போனஸ் பணம் கையில் இருந்தது. மூன்றரை மணிக்குப் போன் வந்தது. பண்டிகை நாளுக்குக் காவல் போட்டுவிட்டு மறுநாளை எல்லோரும் விட்டுவிட்டார்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த நாளைக் காலையிலிருந்து மணிவாரியாக எழுதிக் கொண்டுபோங்கள். எங்கள் 28 கேள்விகளைவிட அந்த ஒரு பக்கம் கூடுதலாகச் சொல்லும்.

ஆலோசகர் — 12 நவம்பர் 2024

வலிநிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்த தம்பியைப் பற்றிச் சென்னையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். சறுக்கல் ஒன்றும் பெரிதல்ல என்று நான் எழுதியதை அவருக்கும் பொருத்திப் பார்க்கிறார். பொருத்தாதீர்கள். ஹெராயின், அபின் வகை மாத்திரைகள் இவற்றில் சில வாரம் விலகியிருந்தாலே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். பழைய அளவை ஒரே ஒரு முறை போட்டாலும் மூச்சு நின்றுபோகலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்கள், வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் போதைமருந்து அளவு மீறி இறக்கும் அபாயம் மற்ற மக்களைப்போல 129 மடங்கு இருந்ததாக 2007-ல் வெளியான ஆய்வு சொன்னது. ஆகவே திரும்பும் வாய்ப்பு குறைவு என்று மருத்துவர் சொன்னால்கூட, திரும்பினால் என்ன ஆகும் என்பதை வைத்துத்தான் இங்கே ஏற்பாடு செய்ய வேண்டும். தம்பியைத் தனியாகப் பூட்டிய அறையில் விடாதீர்கள். புப்ரினார்ஃபின் போன்ற மாற்று மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். 14446 என்ற தேசிய உதவி எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.

ஆலோசகர் — 17 நவம்பர் 2024

நேற்று கார்த்திகை பிறந்தது, அண்ணன் சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டார், இனி ஒரு மண்டலத்துக்கு நிம்மதி, மருத்துவமனைக்குப் போகத் தேவையில்லை என்று அம்மா சொல்கிறார் என்பது பொருநையின் இன்றைய செய்தி.

மாலை போட்டது நல்லது, நான் கேலி செய்ய மாட்டேன். வார்டில் நாங்கள் பாடுபட்டுச் செய்கிற பலவற்றை அது ஒரே நாளில் செய்துவிடுகிறது. விடியற்காலையில் எழுந்து குளித்தாக வேண்டும். செருப்பில்லாத கால் டாஸ்மாக் வாசலை மிதிக்கக் கூசும். மாலையில் பஜனைக்குப் போனால் கூட்டம் இருக்கிறது. பழைய கூட்டாளிகளே ‘சாமி’ என்று கூப்பிட்டு எட்டி நிற்பார்கள். பாதை, நேரம், கூட்டாளி மூன்றும் மாறிவிட்டன. அவர் மனஉறுதி நேற்றைக்கும் முந்தாநாளைக்கும் இடையே வளர்ந்துவிடவில்லை. மாலை போட்ட காலம் முழுவதும் தொடாமல் இருந்துவிட்டு, மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போனவர்கள் எங்கள் வார்டில் ஆண்டுதோறும் தை மாதத்தில் வந்து படுப்பார்கள். மூன்றும் ஒரே நாளில் கழன்றுவிடுகின்றன.

ஆகவே மாலை கழற்றும் நாளை இன்றைக்கே நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அதற்கு மறுநாள் காலைக்கு ரிவ்யூ வாங்கிவிடுங்கள். மருத்துவர் அன்று இல்லையென்றால் மலைக்குக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். பஜனைக் குழுவின் குருசாமியிடம் பேசி, மாலை கழற்றிய பிறகும் வாரம் ஒரு மாலைவேளை அண்ணனைக் கூப்பிடச் சொல்லுங்கள். விரதத்தில் ஆங்கில மருந்து கூடாது என்று நினைத்து மாத்திரையை நிறுத்துகிற பழக்கம் சிலரிடம் உண்டு, அதையும் இன்றே கேட்டுவிடுங்கள். மலையேறும் நாட்களுக்கான மாத்திரைகளை அண்ணி தனிப் பொட்டலமாகக் கட்டி, பெயரும் வேளையும் எழுதி, இருமுடியோடு போகும் தோள்பையில் வைக்கட்டும். மதிய வேளைக்கு உரியதைத் தனியாக.